எங்கள் தெருவில் அர்த்தால்

இந்த வார்த்தையை ஹர்த்தால் என்றுதான் எழுதவேண்டும் என்று என் மகன் சொல்கிறான். அவன் எழுதிக்கொள்ளட்டும். குமாரபாளையத்தில் நாங்கள் அர்த்தால் என்றுதான் சொன்னோம், அர்த்தால் என்று சொல்லித்தான் கடைகளை அடைத்தோம். வடக்கே எங்கேயோ கடைக்குப் பூட்டுப் போடுவதைச் சொல்லும் வார்த்தையாம் அது. முழு நிறுத்தம் என்று பொருள். கடை, வண்டி, தொழில், கோர்ட்டு கச்சேரி எல்லாம் ஒரே நாளில் அடியோடு நின்றுபோக வேண்டும். ஒரு மூலையில் ஒன்று ஓடினாலும் அது அர்த்தால் ஆகாது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. முதல்முதலாக அந்த வார்த்தை எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று அது என்னைக் கொன்றே விட்டது. நான் செத்துப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு தறிக்காரர் தெரு. வீட்டுக்கு ஒரு தறியோ இரண்டு தறியோ, தரையில் குழி வெட்டி இறக்கியிருக்கும். குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்தால், குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி முட்டும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அந்த முட்டல் சத்தம்தான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, "இதுல எப்படிங்க குடியிருக்கறீங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் விழும்.

அது எப்போது நிற்கும் என்றால், தெருவில் ஒரு சாவு விழுந்தால் நிற்கும். சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் மிதியிலிருந்து காலை எடுப்பார். அந்தச் சத்தம் குறைந்தது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர் எடுப்பார். இப்படியே தெருக்கோடிவரை போய்விடும். சங்கு ஊதுகிறவர் வருவதற்கு முன்பே எல்லோரும் வாசலுக்கு வந்து, "தறி நின்னுருச்சே, ஆருங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிணம் தெருமுனையைத் தாண்டும்வரை ஒரு தறி ஓடக்கூடாது. அது என்ன அவசரச் சரக்காக இருந்தாலும் சரி, நாளைக்கே கல்யாணப் புடவை போய்ச் சேரவேண்டியிருந்தாலும் சரி. ஆற்றுக்கு அக்கரையில், பவானியில், ஜமக்காளம் நெய்கிற தெருக்களிலும் இதே வழக்கம்தான். என் பிறந்த வீடு அங்கே. சண்டை வந்தால் எங்கள் பெண்கள் "உனக்குத் தறி நிக்க" என்று திட்டுவார்கள். அதைவிடப் பெரிய சாபம் கிடையாது. நல்லபடியாகப் பெயர் எடுத்துப் போனவர்களைப் பற்றி, "தறி நிக்கிறாப்பல வாழ்ந்தவிய" என்பார்கள். அதைவிடப் பெரிய மரியாதையும் கிடையாது.

எனக்கு இரண்டாவது பிரசவம் ஆகிக் கடுமையான காய்ச்சல் வந்து கிடந்தேன். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அம்மா தினமும் காலையில் பவானியிலிருந்து பாலம் தாண்டி நடந்து வருவாள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, என்னைத் திட்டிவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவாள். அப்பாவுக்குச் சோறு போட ஆளில்லாததால் அவளால் தங்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கேயோ தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்று சேதி வந்து, அர்த்தால் என்று தண்டோராப் போட்டார்கள். ஆற்றுக்கு இக்கரை சேலம் ஜில்லா, அக்கரை கோயமுத்தூர் ஜில்லா. இரண்டு கரைக்காரர்களும் ஒரே நாளில் ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. பவானியில் அர்த்தாலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொண்டார்கள். அதனால் இங்கே அன்றைக்குத்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. வழக்கம்போலக் கிளம்பிவிட்டாள்.

பாலத்தில் முக்கால்வாசி தாண்டியதும், ஆற்றோரமாக இருக்கும் எங்கள் தெருத் தறிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அன்று கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்து பார்த்தாளாம். அப்போதும் கேட்கவில்லை. தெருவில் அப்போது சாகக் கிடந்தவள் நான் ஒருத்திதான். அவள் வேறு என்ன நினைப்பாள்? கஞ்சிக்குக் கொண்டுவந்த அரிசி முடிச்சோடு பாலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பவானி மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டதற்கு, "என்ற மக போயிட்டாளுங்க" என்று சொல்லிவிட்டு அந்த வண்டியிலேயே பவானிக்குத் திரும்பினாள். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் மகள் சாவுக்குப் போக முடியுமா? அப்பாவையும் பங்காளிகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, கோடிச் சேலை, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு, மறுபடி பாலம் தாண்டி வந்தாள்.

தெருவுக்குள் அவர்கள் நுழையும்போது ஆண்கள் எல்லாரும் வேலையில்லாமல் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். சாவுக்கு உட்கார்கிற மாதிரியேதான் இருந்திருக்கும். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ற சாமீ, என்னைய உட்டுட்டுப் போயிட்டியா" என்று ஒரு குரல் எடுத்தாள். அதைக் கேட்டு, என் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, தெருப் பெண்களும் ஓடிவந்து சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். உள்ளே படுத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன், மூச்சு வந்தது. அப்படியானால் என் வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, நானும் அலறிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது. பிறகு நேராக வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"ஏண்டி, உசுரோட இருக்கறவ உள்ள உக்காந்துட்டு என்னடி பண்ணீட்டிருந்த?"

கதர் கட்டிய பையன் ஒருவன், தண்டோராப் போட்டவர்களில் ஒருவன், சமாதானம் சொல்ல வந்து மாட்டிக்கொண்டான். "அம்மா, இன்னிக்கு அர்த்தாலுங்க. ஊரு முச்சூடும் நிறுத்தியிருக்கறமுங்க" என்றான்.

"நிறுத்திக்கங்க சாமி, ஆரு வேண்டாம்னா? சாவுக்கு நிறுத்தறதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் வேண்டாமா? ஒரே ஒரு தறிய ஓட்டியிருந்தா நான் இத்தனை தூரம் செத்துப் பொழைச்சிருப்பனா?"

"ஒண்ணு ஓடுனாலும் அர்த்தால் ஆகாதுங்களே" என்றான் அவன். அம்மா அவனையும் அறைந்திருப்பாள். அப்பாதான் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாவுக்கு வாங்கிய கோடிச் சேலையை என்ன செய்வது என்று தெருவே கூடி யோசித்தது. ஆற்றில் விடச் சொன்னார்கள், யாருக்காவது தானம் கொடுக்கச் சொன்னார்கள். "எனக்குத்தானே வாங்கினது, இங்க குடுங்க" என்று நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்ல அரக்கு நிறம். எனக்கு எடுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு காய்ச்சலும் இறங்கிவிட்டது. அது வைத்தியரின் மருந்தால் இறங்கியது என்று அவர் சொல்வார். அம்மாவின் அறையால் என்று நான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் ஊருக்குக் கிளம்பும் முன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைக் கோதிவிட்டுக்கொண்டே இருந்தவள், "ஒண்ணு சொன்னா திட்டுவ" என்றாள்.

"சொல்லும்மா."

"பாலத்து மேல உக்காந்து அழுதேன் பாரு, அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. எம்புட்டுச் சுத்தமா நிறுத்தியிருக்கறாங்க, ஒரு சத்தமில்லையே, என்ற மகளுக்கு இந்த ஊருல எத்தனை மரியாதைன்னு. அழுகையிலயும் ஒரு பெருமை வந்துச்சு சாமி. நாளைக்கு எனக்கும் அப்படி நின்னாப் போதும்."

நான் திட்டத்தான் செய்தேன். ஆனால் அந்தப் பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு அர்த்தால் எங்கள் தெருவில் குடியேறிவிட்டது. ஊரே அதை வைத்து விளையாடியது. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் என் வீட்டுக்காரர் தறிக் குழியிலிருந்தபடியே, "இன்னிக்கு அர்த்தாலுங்களா, இல்ல கடை தெறந்திருக்குதுங்களா?" என்று கேட்பார். மாடு பால் சுரக்காவிட்டால் அர்த்தால். பிள்ளை இரண்டு நாளாக வெளிக்குப் போகாவிட்டால் அதுவும் அர்த்தால். அதைச் சொல்லக் கூசுகிறவர்கள் யாரும் எங்கள் தெருவில் இல்லை. அரைகுறையாக நின்ற எதற்கும் அந்தப் பெயரைக் கொடுக்கமாட்டார்கள் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன். ஒருவேளைச் சோற்றைத் தள்ளினால் அது விரதம். மூன்று வேளையும் அடுப்பே பற்றவைக்காவிட்டால்தான் அர்த்தால்.

இப்போது பத்திரிகைக்காரர்கள் கடையடைப்பு என்கிறார்கள், வேலைநிறுத்தம் என்கிறார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வேலைநிறுத்தம் என்றால் எனக்கு ஏதோ வேண்டும் என்று கேட்டு நிறுத்துவது. கொடுத்தால் மறுநாளே வேலைக்குப் போய்விடலாம். கடையடைப்பு வியாபாரிகளின் சமாச்சாரம். பின்கதவைத் திறந்து சாமான் கொடுக்கிற கடையடைப்பை நானே பார்த்திருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். அர்த்தால் மனவருத்தத்தைக் காட்டுவதற்கு எல்லோரும் சேர்ந்து கையை எடுத்துவிடுவது. அதனால்தான் எங்கள் தெருக்காரர்களுக்கு அது உடனே விளங்கிவிட்டது. வார்த்தைதான் வடக்கேயிருந்து வந்தது. காரியத்தை நாங்கள் எங்கள் செத்தவர்களுக்கு ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தோம்.

சில வருஷம் கழித்து அப்பா போனார். பவானியில் அவருக்குத் தறி நின்றது. ஆண்பிள்ளை வாரிசு இல்லாததால் வீடு பங்காளிகள் கைக்குப் போயிற்று. அம்மாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மகள் வீட்டில் சோறு தின்பது அவளுக்கு எவ்வளவு கூச்சம் என்பதைச் சொல்லி முடியாது. வந்த நாளே ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிகளுக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தறிக்குச் சுற்றி முடித்தால் பக்கத்து வீட்டுத் தறிக்குச் சுற்றுவாள். "சும்மா தின்னுட்டிருக்கறான்னு ஆரும் சொல்லக்கூடாது பாரு" என்பாள். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வாய்க்கு முன்னால் அவர்கள் நின்றிருக்கமாட்டார்கள்.

அவளுக்குக் காது கூர்மை. தெருக்கோடியில் ஒரு தறி சாவுக்கு நின்றால் எங்கள் வீட்டில் முதலில் நிற்பது அவள் ராட்டைதான். ராட்டைச் சத்தம் நின்றதும் என் வீட்டுக்காரர் காலை எடுப்பார். அவர் எடுத்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நாளடைவில் எங்கள் பக்கத்து வீடுகளெல்லாம் அம்மாவின் ராட்டையை வைத்தே நிறுத்தப் பழகிவிட்டார்கள். நிறுத்திவிட்டு அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, பிணம் தெரு தாண்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் யாருடைய சாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில் ஒரு வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த சம்பந்தி ஒருவர், வந்த இடத்தில் இறந்துபோனார். தறியை நிறுத்துவதா வேண்டாமா என்று தெருவில் பேச்சு வந்தது. எங்கள் தெருவின் பெரியதனக்காரர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த மாதிரி வழக்கங்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான். "கோயில் வரி குடுக்கற தலைக்கட்டுக்குத்தான் தறி நிக்கும். விருந்தாளிக்கு நிக்காது. அவியவிய ஊர்ல அவியவியளுக்கு நிக்கும்" என்றார். ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு. என் வீட்டில் அது என் வீட்டுக்காரரின் பெயரில் இருந்தது. அன்று தறிகள் ஓடிக்கொண்டே இருக்க, அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா ராட்டையைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தாள். சோறு தின்னும்போது, "சரிதான், முறைன்னா முறைதானே" என்றாள். பவானியில் அவளுடைய தலைக்கட்டு அப்பாவோடு முடிந்துவிட்டது. இங்கே அவள் விருந்தாளி. இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அவளுக்கு நிற்க ஒரு தறி இல்லை. வாழ்நாள் முழுக்க அவள் கேட்ட ஒரே ஆசை அதுதான். நகை கேட்டாளா, நட்டுக் கேட்டாளா?

நான் சும்மா இருப்பேனா? பெரியதனக்காரர் ஏதோ பேச எங்கள் வீட்டுக்கு வந்தபோது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டேன். "ஏனுங்க மாமா, என்ற அம்மாளுக்கு ஒண்ணுன்னா தறி நிக்குமுங்களா?"

அவர் துண்டை உதறிக்கொண்டார். "முறை ஒண்ணு இருக்குதல்லோ, அம்முணி."

"அன்னிக்கு ஆரோ தலைவருங்களைப் புடிச்சதுக்கு ஊரையே நிறுத்துனீங்களே, அவிய எந்தத் தெருத் தலைக்கட்டுங்க?"

என் வீட்டுக்காரர் தறியில் இன்னும் கீழே குனிந்துகொண்டார். பெரியதனக்காரர் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அது நாடு, இது தெரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "எதுக்குடி அவியகிட்ட வாயக் குடுக்கற" என்று என்னைக் கடிந்துகொண்டாள். ஆனால் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதற்காக அவள் ராட்டையை நிறுத்தியிருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. நூல் வரத்து குறைந்தது, பங்கீட்டில் கொஞ்சம் கொடுத்தார்கள், அப்புறம் அதுவும் இல்லை. ஒவ்வொரு தறியாக நின்றது. இரண்டு தறி வைத்திருந்தவர்கள் ஒன்றை நிறுத்தினார்கள். ஒன்று வைத்திருந்தவர்கள் குழியின்மேல் பலகையைப் போட்டு மூடிவிட்டுக் கடலைக்காய் பறிக்கவும் கல் உடைக்கவும் போனார்கள். ஒருநாள் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த தறியும் நின்றது. அன்று யாரும் வாசலுக்கு வந்து ஆருங்க என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அந்த அமைதி இருக்கிறதே, அதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அர்த்தாலுக்கு மறுநாள் உண்டு. சாவுக்குத் தெருமுனை உண்டு. இதற்கு முடிவு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடினால்கூட அடக்கினோம், ஏனென்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. கஞ்சி குடிக்கும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் கோவில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு வரவே கூசினார். வந்தாலும் தறிக் குழியைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவார். கை நிறைய வேலை தெரிந்த மனிதரைச் சும்மா உட்காரவைத்துப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சண்டை பிடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா நூலில்லாத ராட்டையைத் தினமும் துடைத்து வைப்பாள். அவளும் இளைத்துக்கொண்டே வந்தாள். இருக்கிற கஞ்சியைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, தின்றுவிட்டதாகப் பொய் சொல்வாள். பிறகு படுத்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப நான் போனா ஒரு தொந்தரவும் இல்ல பாரு. ஏற்கெனவே நின்னதுதானேன்னு இருந்துக்குவாங்க. பெரியதனக்காரருக்கும் சங்கடமில்ல."

"பேசாமப் படும்மா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவள் போனது ஒரு விடியற்காலையில். என் வீட்டுக்காரர் பெரியதனக்காரர் வீட்டுக்குச் சொல்லப் போனார். திரும்பி வந்ததும் பந்தலுக்குக் கால் நடப் போய்விட்டார். தெருப் பெண்கள் வந்தார்கள், அழுதார்கள். பவானியிலிருந்து பங்காளிகள் வந்தார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்தப் பாழாய்ப்போன அமைதி. நேற்றும் அப்படித்தான் இருந்தது, நாளைக்கும் அப்படித்தான் இருக்கப் போகிறது. என் அம்மா போனதால் இந்த ஊரில் ஒன்றுகூட மாறவில்லை. தறி நிற்காது என்று யாராவது சொல்லியிருந்தாலாவது எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த நேரம், தெருக்கோடியில் ஒரு தறி ஓடியது.

முதலில் பிரமை என்று நினைத்தேன். இல்லை, நன்றாகக் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எதிர்ச்சாரியில் ஒன்று. எத்தனை காலம் கழித்துக் கேட்கிற சத்தம்! யாருக்கோ நூல் வந்திருக்கிறது, வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள், என் அம்மா இங்கே கிடக்கிறாள். விருந்தாளிதானே, ஓட்டினால் என்ன என்று ஓட்டுகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைவிரி கோலமாக எழுந்து தெருவில் இறங்கினேன். பெண்கள் பிடித்தார்கள், உதறிவிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் ஓடுகிறது. ஆண்கள் ஊரில் இல்லாத வீடுகளில்கூட ஓடுகிறது. நேராகப் பெரியதனக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன்.

"எங்க ஊட்டுல பொணம் கெடக்குது! உங்களுக்கெல்லாம் நூலு வந்துருச்சுங்களா? நல்லா ஓட்டுங்க! நல்லா இருங்க!"

அவர் தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். வயதாகி, தறியில் இறங்குவதை விட்டுப் பல வருஷம் ஆனவர். கால் நடுங்கியது. நாடா இங்கும் அங்கும் முட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பார்த்தேன். தறியில் பாவு இல்லை. ஒற்றை இழை இல்லை. வெறும் தறி. தறிக்காரன் மகளாகப் பிறந்த எனக்குச் சத்தத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். துணியில் பலகை அடிக்கும் அந்த அமுங்கிய ஓசையே இல்லை, மரத்தில் மரம் முட்டுகிற ஓசைதான். கோபத்தில் என் காது அடைத்துப் போயிருந்தது.

"நூலு எங்க இருக்குது அம்முணி" என்றார் அவர், மிதித்துக்கொண்டே. "ஓடுனாத்தானே நிறுத்த முடியும்?"

நான் உள்ளே போய்க் குழியோரமாக நின்றேன்.

"இந்தத் தெருவுல எந்தச் சாவுக்கும் முதல்ல நின்னது உங்கம்மா ராட்டைதான். எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ போயி உங்கம்மாகிட்ட உக்காரு. நீ போனதும் நிறுத்தறோம்."

தலைக்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு வெறும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கதவுகள் திறந்திருந்தன. கடலைக் காட்டுக்குப் போன கணவனின் குழியில் மனைவி இறங்கி மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள் மிதித்தாள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. அரை வயிற்றுக் கஞ்சியோடு, ஒரு முழத் துணிகூடத் தராத தறியை அத்தனை பேரும் வியர்க்க வியர்க்க மிதித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

தெருக்கோடியில் ஒரு தறி நின்றது. பிறகு அதற்கு அடுத்தது. ஒவ்வொன்றாக நின்றுகொண்டே எங்கள் வீட்டை நோக்கி வந்தது. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

தெருவில் ஒரு சத்தம் இல்லை.

நான் அம்மாவின் காதருகே குனிந்து, "நின்னுருச்சும்மா" என்றேன்.